ராட்டினத்தடியில் ஒரு பொட்டலம்

கடலூர் மாவட்டத்தில் தீம் பார்க் என்று பெயர் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது. எங்களுக்கு வாய்த்ததெல்லாம் ராட்டினம்தான். அதைத் தேடி நாம் போக வேண்டியதில்லை, அதுவே லாரி ஏறி வரும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை, தைப்பூசத்துக்கு வடலூர், ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடும்போது சிதம்பரம், பொருட்காட்சி போட்டால் கடலூர் மஞ்சை நகர் மைதானம். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கிள்ளையில், தர்காவினர் சுவாமிக்கு வரவேற்பு கொடுக்கும் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே பலூன் கடையும் பொரிக்கடையும் இருக்கும். ரங்க ராட்டினம், குடை ராட்டினம், மரணக் கிணறு, கண்ணாடி மாளிகை என்று ஓர் ஊர் முழுக்கக் கேளிக்கை நாலைந்து நாளில் முளைத்து நாலைந்து நாளில் மறைந்துவிடும்.

அந்த ராட்டினத்தடியில் என்ன சாப்பிட்டோம் என்று இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அந்தச் சாப்பாட்டில் முக்கால்வாசி, இன்று வீகன் என்று தனியாகத் தேடி அலைகிற சாப்பாடு. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் அதில் இல்லை. யாரும் அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததுமில்லை, கேட்டு வாங்கியதுமில்லை.

அவித்த மல்லாட்டை அதில் முதல் இடம். தென்னாற்காட்டுக்காரர்களுக்கு வேர்க்கடலை மல்லாட்டைதான். சென்னைக்குப் போய் ‘வேர்க்கடலை’ என்று திருத்திக்கொண்டவர்கள்கூட ஊருக்கு வந்தால் பழையபடி மாறிவிடுவார்கள். செம்மண் ஒட்டிய காயை உப்புப் போட்டு அவித்து, ஆவி பறக்கப் படியால் அளந்து காகிதக் கூம்பில் கொட்டுவார்கள். பிறகு பொரியும் பொட்டுக்கடலையும், பொரி உருண்டை, கடலை மிட்டாய், பல்லைப் பதம் பார்க்கும் கமர்கட், மூங்கில் கழியில் சுற்றி வாட்ச் செய்து கையில் கட்டிவிடும் ஜவ்வு மிட்டாய், இலந்தை வடை, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று, தைமாதமானால் பனங்கிழங்கு, சித்திரை வைகாசியில் நுங்கு. கடற்கரை என்றால் தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். எண்ணெய்ச் சட்டி வைத்தவரிடம் வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, மசால் வடை. தாகத்துக்கு நன்னாரி சர்பத். பலாக் காலத்தில் பண்ருட்டிப் பக்கத்துச் சுளை.

ஐஸ் வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு விலைப்படி இருந்தது. சிவப்பிலும் ஆரஞ்சிலும் சாயம் ஏறிய குச்சி ஐஸ் எல்லாவற்றுக்கும் கீழே. அதற்கு மேல் பால் ஐஸ். அதற்கும் மேல் சேமியா ஐஸ். கையில் இருக்கிற சில்லறைக்குக் கட்டுப்பட்டுச் சாய ஐஸ் வாங்கி, உதடு சிவக்கச் சப்பிக்கொண்டே சேமியா ஐஸ் வைத்திருப்பவனைப் பார்த்து ஏங்கியதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் கதை. பால் என்பது பணம். இதைக் குழந்தைகூடத் தெரிந்து வைத்திருந்தது.

அன்றைய ராட்டினத்தடிச் சாப்பாட்டில் பால் இல்லாமல் போனதற்குக் கருணை காரணமில்லை. பால் காசு பிடித்த பொருள். அத்தோடு வெயிலில் நிற்காத பொருள். காலையில் கறந்தது மாலைக்குள் திரிந்துவிடும் ஊரில், நாலு நாள் திருவிழாவுக்கு மூட்டை கட்டி வருகிற வியாபாரி பாலை நம்பிக் கடை போட முடியாது. கடலை எண்ணெய், வெல்லம், பொரி, பயறு இவைதான் மூட்டையில் தாங்கும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன கட்டுச்சோற்றுக்கும் அதே கணக்கு. புளிச்சோறு நல்லெண்ணெயில் குளித்து மறுநாளும் கெடாமல் இருக்கும். தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல், வடகம். தயிர்ச்சோறும் கூடவே வந்தது, மறுக்கவில்லை. புளிக்காமல் இருக்கப் பாலையும் ஊற்றிப் பிசைந்து கொண்டுவருவார்கள், அதை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்பது விதி. கடலோரத் திருவிழாக்களில் மீன் வறுவல் மணமும் இருந்தது. ஆகவே அந்தக் காலத்தை ஏதோ புண்ணிய காலம் என்று ஜோடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பால் வேண்டாம் என்றிருந்த ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்திருந்தால், யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் வயிறு நிறைந்து வெளியே வந்திருப்பார். அதுதான் இங்கே பேச்சு.

நெய் அன்று இருந்த இடம் கோயில். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குச் செய்யும் திருவாதிரைக் களி, வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் நெய்யும் சேர்ந்தது. சிவனடியார் சேந்தனாரின் கதையில் நடராஜருக்குப் படைத்த களி ஏழை வீட்டுக் களி. அதில் நெய் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் இன்று நெய் இல்லாத களியை யாரும் களி என்று ஒப்புக்கொள்வதில்லை. களிக்குத் துணையாக வைக்கும் தாளகக் குழம்பு நேர் எதிர். கிழங்கும் காயுமாகச் சேர்த்து, புளி விட்டு, எள்ளும் தேங்காயும் வறுத்து அரைத்துப் போட்டது. பாலின் நிழல்கூட அதில் படவில்லை. நைவேத்தியமாகும் சம்பா சாதத்திலும் இதே ஜோடி உண்டு. மிளகு சீரகம் நெய்யில் பொரித்துச் சோற்றில் கலப்பது சம்பா சாதம். பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய் கொத்சு, நல்லெண்ணெயும் புளியும் தனியாவும் மட்டுமே. சிதம்பரம் கொத்சு என்று ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது பின்னதற்குத்தான். வெளியூர்க்காரர்கள் பார்சல் கட்டிக்கொண்டு போவதும் அதைத்தான்.

சிதம்பரத்திலிருந்து வடக்கே போனால் வடலூர். சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் இலை போடுவது அதன் வழக்கம். தைப்பூசத்தன்று ஜோதி தரிசனத்துக்கு வருகிற கூட்டத்துக்கு ஊர் முழுக்க அன்னதானப் பந்தல்கள். அன்று இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும். அவர் பிறந்த அக்டோபர் 5ஐ அரசு 2021இல் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. தமிழ்நாட்டில் கொல்லாமையைப் பேசுகிற யாரும் வடலூரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் வள்ளலார் மறுத்தது புலால். பால் அந்த விவாதத்துக்குள் வரவேயில்லை. லண்டனில் வீகன் சங்கம் தொடங்கியது 1944இல். டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் சேர்ந்து, சைவ உணவுக்காரர்கள் பாலையும் முட்டையையும் ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று கேட்டார்கள். தருமச் சாலைக்கும் அந்தச் சங்கத்துக்கும் எழுபத்தேழு வருஷ இடைவெளி. இந்த இரண்டையும் ஒன்றாக்கி ‘வள்ளலாரே முதல் வீகன்’ என்று மேடையில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அவர் பசியைப் பற்றிச் சொன்னதே போதுமான அளவு பெரிது.

பால் மலிந்தது பிறகு. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1981இல் கூட்டுறவு இணையம் அமைந்து ஆவின் கிராமத்துக்குக் கிராமம் பால் சேகரிக்க ஆரம்பித்தது. 1998இல் இந்தியா உலகத்திலேயே அதிகம் பால் கறக்கும் நாடாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி பெட்டிக்கடை வரை வந்தது. சேமியா ஐஸ் பார்த்து ஏங்கிய பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்குக் கூம்பு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்; அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஏழை வீட்டுக் காப்பி பாலால் வெளுத்தது நல்ல செய்திதான். அதே வேகத்தில் தின்பண்டத்துக்குள்ளும் பால் இறங்கிவிட்டது என்பது இன்னொரு செய்தி.

இன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடலூர் சில்வர் பீச்சுக்கு வாருங்கள். சுண்டல்காரர் இருக்கிறார், ஆனால் ஓரத்துக்குப் போய்விட்டார். முன்வரிசையில் வெண்ணெய் தடவிய ஸ்வீட் கார்ன், சீஸ் தூவிய உருளைக்கிழங்குச் சுருள், ஐஸ்கிரீம், ஃபலூடா, ஜிகர்தண்டா, ரோஸ் மில்க், பன்னீர் மோமோ, மயோனைஸ் பூசிய சாண்ட்விச். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. கடைகள் ‘வெஜ் மயோ’வுக்கு மாறின. முட்டைக்குப் பதில் பால் பவுடர் வந்தது. சைவக்காரருக்கு நிம்மதி, வீகனுக்கு அதே சங்கடம். காலிஃபிளவர் சில்லியில் பால் இல்லை என்று நம்பிப் போனால், அதே சட்டியில் பத்து நிமிஷம் முன்னால் வஞ்சிரம் வெந்திருக்கும். பஞ்சு மிட்டாய் மட்டும் பழைய பஞ்சு மிட்டாய்தான், வெறும் சர்க்கரை. ரோடமைன்–பி சாயத்தால் 2024 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்து போனது, அது வேறு கதை.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் இன்று நிலவரம். கேட்பது ஒரு கலை. தோசைக்கல் பக்கம் போய், ‘‘அண்ணே, நெய் ஊத்தாம எண்ணெய்ல போட்டுக் குடுங்க’’ என்றால், ‘‘ஏம்மா, விரதமா?’’ என்பார். இல்லை என்றால் அடுத்த கேள்வி, ‘‘கொலஸ்ட்ராலா?’’ அதுவும் இல்லை என்றால் முகத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். ‘‘பால் ஒத்துக்காதுண்ணே’’ என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மாஸ்டருக்கே சத்தமாகச் சொல்லி, கரண்டியைத் துடைத்துவிட்டு ஊற்றச் சொல்வார். இதில் பொய்யும் பெரிதாக இல்லை. பால் செரிக்காதவர்கள் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம் என்று ஆய்வுகள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. வீகன்காரரின் கேள்வியால் பயனடைகிறவர்களில் பால் குடித்தால் வயிறு உப்புகிற நம் அத்தைகளும் சித்தப்பாக்களும் உண்டு.

தீம் பார்க்குக்கு வருவோம். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ‘எக்ஸ்கர்ஷன்’ என்றால் பஸ் சென்னைக்குத்தான் போகும். தாம்பரம் அருகே நவோதயா அப்பச்சன் 1995இல் தொடங்கிய கிஷ்கிந்தா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., பிறகு எம்.ஜி.எம். விடியுமுன் புறப்பட்ட பஸ் வழியில் ஒரு புளியமரத்தடியில் நிற்கும். ஆளுக்கொரு பொட்டலம் பிரிப்பார்கள். நூற்றுக்கு எண்பது பொட்டலத்தில் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோதான். பார்க்குக்குள் வாங்கித் தின்ன யாரிடமும் காசு இருக்காது; இருந்தாலும் ஆசிரியர் விடமாட்டார். பூங்கா என்பது ஆடுவதற்கு, சாப்பாடு என்பது வீட்டு விஷயம் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன.

இப்போது பூங்காவே சாப்பாட்டுக் கடையாகவும் ஆகிவிட்டது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்த பிறகு கடலூர், சிதம்பரத்துப் பள்ளி பஸ்களுக்கு இன்னொரு திசை கிடைத்திருக்கிறது. இந்த மாதிரிப் பெரிய பூங்காக்களில் பொதுவாக வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும் சில இடங்களில் விலக்கு உண்டு, புளிச்சோற்றுக்குக் கிடையாது. தண்ணீரில் குதித்து, ராட்சத வளையத்தில் தலைகீழாகச் சுற்றி, அகோரப் பசியோடு உணவுக்கூடத்துக்குப் போகிறவருக்கு முன்னால் சைவப் பலகை நீளமாகத்தான் தொங்கும். பன்னீர் பட்டர் மசாலா, நெய்ச்சோறு, வெஜ் பிரியாணி, அதில் நெய்யும் தயிரும், நான், அதன் மாவிலும் தயிர், பீட்சா, மில்க் ஷேக். இந்தப் பலகையைப் படித்து முடித்துவிட்டு வெறும் உருளைக்கிழங்கு வறுவலும் பழத்துண்டும் வாங்கிக்கொண்டு உட்காருகிறவர் வீகன் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். சைவம் பெருத்த அதே முப்பது வருஷத்தில்தான் பால் இல்லாத சைவம் சுருங்கிப் போனது. பழைய புளியமரத்தடி இந்தப் பலகையைவிட அவருக்கு அனுகூலமாக இருந்தது.

பொட்டலத் தின்பண்டத்திலும் பச்சைப் புள்ளியை நம்பிப் பயனில்லை. 2001இல் வந்த அந்தக் குறி, இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பதை மட்டும் சொல்லும். பாலும் தேனும் அதற்குள் அடக்கம். மசாலா சிப்ஸில் பால் பவுடர் இருக்கும், பிஸ்கட்டில் பால் திடப்பொருள் இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத்தான் வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 செப்டம்பரில் வீகன் உணவுக்கென்றே பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் ஓர் இலைத்துளிரும் கொண்ட தனிக்குறியை வெளியிட்டு, 2022இல் விதிமுறைகளையும் கொண்டுவந்தது. நகரத்துப் பெரிய அங்காடியில் அதைப் பார்க்கலாம். கடற்கரைப் பெட்டிக்கடை வரை அது இன்னும் நடந்து வரவில்லை.

அமெரிக்காவில் இதைக் கொஞ்சம் முறையாகச் செய்தார்கள். ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட், 2019இல் தன் உணவகங்களின் பட்டியலில் தாவர உணவுக்கெல்லாம் ஒரு பச்சை இலைக் குறி போட்டது. 400க்கும் மேற்பட்ட பண்டங்கள். அத்தனையையும் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே இருந்தவற்றில் பலவற்றுக்குக் குறி ஒட்டியதுதான் பெரிய வேலை. நம் சமையலில் குறி ஒட்டக் காத்திருப்பவை அதைவிட அதிகம். இட்லி, இடியாப்பம், ஆப்பம் தேங்காய்ப்பால், புட்டு, கொத்சு, துவையல், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, சுண்டல், எண்ணெயில் சுட்ட தோசை. கடைசியில் ஊற்றுகிற அந்த ஒரு கரண்டி நெய்தான் எல்லாவற்றையும் குறிக்கு வெளியே தள்ளுகிறது. மணத்துக்காக ஊற்றுகிறோம் என்பார்கள். நல்ல செக்கு நல்லெண்ணெய்க்கு மணம் இல்லையா என்ன?

பண்ருட்டியை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். மேல்நாட்டு வீகன்காரர்கள் பாலில்லாத சீஸ், பாலில்லாத க்ரீம் என்று உயர்ந்த விலைக்கு வாங்குபவற்றில் பலவற்றுக்கு மூலப்பொருள் ஊறவைத்து அரைத்த முந்திரி. எங்கள் மாவட்டத்துச் செம்மண்ணில் விளைந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பெண்கள் விரல் கறுக்க உடைத்து உரிக்கிற அதே முந்திரி. இறைச்சிக்குப் பதில் என்று டப்பாவில் அடைத்து விற்கும் பலாக்காயும் இங்கே வேலியோரத்தில் தொங்குகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டபோது மாவட்டமே தலையில் கைவைத்தது. வைத்த கன்றுகள் எழும்ப வருஷக்கணக்கானது. உலகத்து வீகன் சமையலறைக்குச் சரக்கு விளைகிற மாவட்டத்தில், பொழுதுபோக்க வருகிறவருக்கு அந்தச் சாப்பாடு ஒரு தட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போய்ப் புதுச்சேரியைத் தொட்டால் நிலைமை மாறுகிறது. ஆரோவில் பக்கத்தில் 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் என்ற சமூகக் குடியிருப்பில் எல்லாருக்கும் பால் இல்லாத சாப்பாடுதான். புதுச்சேரிக் காபிக் கடைகளில் ஓட்ஸ் பாலும் முந்திரிப் பாலும் உண்டு. விலையைக் கேட்டால் கடலூர்க்காரருக்குக் குடித்தது இறங்காது.

இன்றைக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று பால் வேண்டாம் என்றவருக்குத் திருவிழாவில் சாப்பாடு கிடைத்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் இடம் கிடைக்கவில்லை. பந்தியில் மோரை மறுத்தாலே ‘என்ன குறை?’ என்று கேட்பார்கள். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விடுதிப் பிள்ளைகளில் ஒருவன் ‘நான் வீகன்’ என்று சொன்னால் நண்பர்கள் கேலி செய்வார்கள், ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு கேலி செய்வார்கள். அடுத்த தடவை அவனுக்காகப் பால் இல்லாத டீ தனியாகச் சொல்வதும் அவர்கள்தான்.

பிச்சாவரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். 1975இல் வெளியான ‘இதயக்கனி’ படத்தை எடுத்த காலத்திலிருந்து கூட்டம் வருகிற இடம். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. படகில் சுரபுன்னைக் காட்டுக்குள் போய்த் திரும்பினால் நல்ல பசி எடுக்கும். சிதம்பரத்திலிருந்து புறப்படும்போதே இட்லியும் கொத்சும் கட்டிக்கொள்ளுங்கள். இட்லிக்கு மேல் நெய் வேண்டாம் என்பதைப் பொட்டலம் மடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வழியில் மல்லாட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

பூங்கா நடத்துகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. உங்கள் சமையற்காரர்களுக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை, வெளிநாட்டுச் சீஸ் தருவிக்கவும் வேண்டாம். வாசலில் பையைத் திறந்து எங்கள் புளிச்சோற்றை வாங்கி வைக்கிறீர்கள் அல்லவா, உள்ளே ஒரு கடையில் அதே புளிச்சோற்றை, நல்லெண்ணெயில் கிளறி, நியாயமான விலைக்கு விற்கவும். ‘நெய், பால் சேர்க்கவில்லை’ என்று பலகையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.